பென்சில்வேனியாவின் பழைய பூங்காக்களில் காசு தேடி

வியாழன், பிலடெல்பியா

பூங்காப் புல்தரைக்கு அடியில் கிடக்கும் பழைய காசுகளைத் தேடிப் போகுமுன், அந்தக் காசுகள் அச்சான ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்று அண்ணன் சொன்னதால், இந்தப் பயணத்தைப் பிலடெல்பியாவிலிருந்து தொடங்கியிருக்கிறோம். அண்ணன் என் பெரியப்பா மகன். நியூ ஜெர்சியில் நெடுங்காலமாக வசிக்கிறார். விடுமுறை நாள்களில் மெட்டல் டிடெக்டரை எடுத்துக்கொண்டு, அனுமதி கிடைத்த பழைய பூங்காக்களுக்குப் போய்விடுவார். நான் ஊரில் நாணயம் சேர்ப்பவன். காசுகளைக் கடையிலும் கண்காட்சியிலும் வாங்கியே பழகிய எனக்கு, ஒரு காசு மண்ணுக்குள்ளிருந்து வெளிவருவதை நேரில் காண வேண்டும் என்ற ஆசை வெகுநாளாக உண்டு.

அமெரிக்க நாணயச்சாலை 1792 ஏப்ரல் 2 அன்று நிறைவேறிய சட்டத்தால் இந்த ஊரில் அமைந்தது. மறு ஆண்டு மார்ச் மாதத்தில் 11,178 செப்பு சென்ட்டுகள் புழக்கத்துக்கென வெளிவந்தன. இன்று நாங்கள் பார்த்தது 1969இல் திறந்த நான்காவது கட்டடம். அச்சு இயந்திரங்கள் ஓடும் கூடத்தை மேல்தளத்துக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்கலாம், கட்டணம் இல்லை. இதற்கு முந்தைய கட்டடம் ஸ்பிரிங் கார்டன் தெருவில் 1901 முதல் நாணயச்சாலையாக இருந்தது. இப்போது அது ஒரு கல்லூரியின் பகுதி. நாங்கள் தேடப்போகும் காலத்துக் காசுகளில் பெரும்பகுதி அந்தப் பழைய கட்டடத்தில் அச்சானவை என்பதால், மாலையில் அங்கும் போய் அதன் முகப்பைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்தத் தேட்டத்தில் இறங்குபவருக்கு இரண்டு ஆண்டுகள் மனப்பாடமாக இருக்க வேண்டும் என்றார் அண்ணன். பத்து சென்ட் காசான டைமும், இருபத்தைந்து சென்ட் காசான குவார்ட்டரும் 1964 வரை நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. 1965ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அவற்றில் செம்பும் நிக்கலும் மட்டுமே. அதேபோல் ஒரு சென்ட் காசு 1982 வரை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு செம்பு; அந்த ஆண்டின் நடுவில் அது மேலே செம்பு பூசிய துத்தநாகம் ஆயிற்று. செம்பு மண்ணில் நூறாண்டு கிடந்தாலும் எழுத்தைக் காப்பாற்றி வைத்திருக்கும். துத்தநாகமோ சில ஆண்டுகளிலேயே ஓரம் அரித்து, கையில் எடுத்தால் பொடிந்துவிடும். புழக்கத்துக்கான சென்ட் இதே ஊரில் 2025 நவம்பர் 12 அன்று கடைசியாக அச்சிடப்பட்டது. 232 ஆண்டுக் காலத்துத் தொடர்ச்சி அன்றோடு நின்றது.

நாணயச்சாலைக்கு எதிரிலேயே கிறைஸ்ட் சர்ச் இடுகாட்டில் பெஞ்சமின் பிராங்ளினின் கல்லறை இருக்கிறது. சிக்கனத்தைப் போதித்தவர் என்ற நினைவில் வருகிறவர்கள் அதன் மேல் பென்னி எனப்படும் ஒரு சென்ட் காசுகளை வீசுகிறார்கள். பல்லாண்டுகளாக விழுந்த காசுகளால் பளிங்குப் பலகையில் சிறுசிறு குழிகள் விழுந்துவிட்டன. விரிசலும் கண்டு, 2017 வாக்கில் செப்பனிட வேண்டியதாயிற்று. கம்பி வேலியை ஒட்டி நின்றபோது ஒரு சிறுமி ஒரு காசை வீசினாள். அது பலகையில் பட்டு எகிறிப் பக்கத்து மண்ணில் விழுந்தது. காசு மண்ணுக்குள் போகும் பயணத்தின் தொடக்கத்தைக் கண்முன்னே பார்த்தேன்.

வெள்ளி, வடக்கு நோக்கி

காலையில் பிலடெல்பியாவுக்கு வடக்கே வில்லோ குரோவ் வழியாகப் போனோம். அங்கே இப்போது இருப்பது ஒரு பெரிய வணிக வளாகம். அதைப் பார்ப்பதற்காக வண்டியை நிறுத்துகிறவர் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் அந்த இடத்தில் 1896இல் ஒரு டிராம் கம்பெனி தொடங்கிய பூங்கா இருந்தது. டிராம் கம்பெனிகளுக்கு வார நாள்களில் வேலைக்குப் போகிற கூட்டம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகள் காலியாக ஓடின. ஆகவே பாதை முடியும் இடத்தில் மரநிழலும் ஏரியும் இசை மேடையும் உள்ள பூங்காக்களை அவையே அமைத்து, மக்களை விடுமுறை நாளிலும் டிராமில் ஏற வைத்தன. அமெரிக்காவின் கிழக்குப் பகுதி முழுவதும் 1890களிலும் அடுத்த இருபது ஆண்டுகளிலும் இத்தகைய டிராம் பூங்காக்கள் முளைத்தன. வில்லோ குரோவில் ஜான் பிலிப் சூசாவின் இசைக்குழு 1901 முதல் 1926 வரை, ஓராண்டு நீங்கலாக, ஒவ்வொரு கோடையிலும் வாசித்தது. 1975இல் பூங்கா மூடப்பட்டு, பின்னர் தரை முழுவதும் கட்டடத்தின் அடியில் போய்விட்டது.

பெரியவை இப்படிப் போய்விட்டாலும், அதே காலத்துச் சிறிய ஊர்ப் பூங்காக்கள் பல அப்படியே இருக்கின்றன. நாங்கள் போய்ச் சேர்ந்தது அப்படி ஒன்று உள்ள ஊர். அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பெயர் வெளியே தெரிந்தால், அனுமதி கேட்காமல் இரவில் விளக்கை மறைத்துக்கொண்டு வந்து தோண்டுகிறவர்கள் வந்துவிடுவார்கள். அதன் பிறகு ஊர்ச் சபை யாருக்குமே அனுமதி தராது. இந்தத் துறையில் உள்ளவர்கள் இடத்தைச் சொல்லாமல் இருப்பதற்குக் காசாசையைவிட இந்த அச்சம்தான் பெரிய காரணம் என்பது அண்ணனுடன் பேசியதில் எனக்குப் புரிந்தது.

அனுமதி என்பது வாய்ச்சொல் அன்று, கடிதம். அமெரிக்காவில் தேசியப் பூங்காக்கள் எவற்றிலும் டிடெக்டரைப் பயன்படுத்துவதே குற்றம். மாநிலப் பூங்காக்களின் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஊர்ப் பூங்கா என்றால் அந்தந்த ஊர்ச் சபையின் விருப்பம். அண்ணனிடம் இருக்கும் கடிதத்தில் நிபந்தனைகள் தெளிவாக இருக்கின்றன. கைக்கருவி மட்டுமே பயன்படுத்த வேண்டும். பூப்பாத்திகளுக்கும் போர் நினைவுச் சின்னத்துக்கும் அருகே போகக் கூடாது. பெரிய மரங்களின் வேரைத் தொடக் கூடாது. எடுத்த குழியை உடனே மூட வேண்டும். காசுகளை எடுத்தவர் வைத்துக்கொள்ளலாம். ஊரின் வரலாற்றோடு தொடர்புடைய வேறு பொருள் எதுவானாலும் உள்ளூர் வரலாற்றுச் சங்கத்திடம் தர வேண்டும். எது எங்கே கிடைத்தது என்ற பட்டியலின் நகலும் சங்கத்துக்குப் போக வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை அண்ணன் தானாகவே கேட்டு எழுத வைத்தாராம்.

மதியம் முழுவதும் ஊர் நூலகத்தில் கழிந்தது. தீக்காப்பீட்டுக்காக அந்தக் காலத்தில் சான்பார்ன் கம்பெனி வரைந்த ஊர் வரைபடங்களில் ஒவ்வொரு கட்டடமும், அது மரமா செங்கல்லா என்பது வரை, நிறம் தீட்டிக் குறிக்கப்பட்டிருக்கிறது. பூங்காவின் இசை மேடை எங்கே இருந்தது, டிராம் எந்த மூலையில் வந்து நின்றது என்பவற்றை அதில் பார்த்தோம். ஒரு பழைய அஞ்சலட்டைப் படத்தில், மேடைக்கு எதிரே உள்ள சரிவில் தொப்பி அணிந்த ஆண்களும் நீண்ட பாவாடை அணிந்த பெண்களும் புல்லில் உட்கார்ந்திருக்கிறார்கள். அண்ணன் அந்தச் சரிவின் மேல் விரலை வைத்து, “தம்பி, மக்கள் நின்ற இடத்தில் காசு குறைவாகத்தான் கிடைக்கும், உட்கார்ந்து சாய்ந்த இடத்தில்தான் பையிலிருந்து நழுவியிருக்கும்” என்றார்.

சனி, பூங்கா

ஏப்ரல் மாதத்து மண் இந்த வேலைக்கு உகந்தது. பனி உருகி ஈரம் தங்கியிருப்பதால் சமிக்ஞை தெளிவாகக் கேட்கும். வெட்டி எடுத்த புல் மீண்டும் வேர்பிடிக்கும். கோடையில் வெட்டினால் அந்தப் புல் காய்ந்து, பழுப்பு வட்டமாகத் தெரியும் என்பதால் அண்ணன் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பூங்காவுக்குப் போவதே இல்லை.

காலை ஏழரை மணிக்கே அண்ணனின் நண்பர், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், வந்து காத்திருந்தார். இருவரும் ஹெட்போன் அணிந்தே தேடினார்கள். பூங்காவுக்கு நடக்க வருகிறவர்களுக்குத் தொல்லை கூடாது என்பது அவர்களின் வழக்கம். எனக்கென ஒரு ஹெட்போனை இணைத்து, கருவியின் மொழியைக் கற்றுத் தந்தார்கள். கம்பின் முனையிலுள்ள, ‘காயில்’ எனப்படும் வட்டமான கம்பிச் சுருள், மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அந்தப் புலத்தில் ஓர் உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் எழுந்து, அதுவும் தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அது எவ்வளவு தாமதமாகத் திரும்பி வருகிறது என்பதைக் கொண்டு, கீழே இருப்பது நன்றாக மின்சாரம் கடத்தும் வெள்ளியா, செம்பா, அல்லது வேறு ஏதாவதா என்று கருவி ஊகித்து, எண்ணாகவும் ஒலியாகவும் சொல்கிறது. இரும்பு ஆணிக்குக் கரகரவென்று தாழ்ந்த ஒலி. வெள்ளிக்கு உயர்ந்த, வட்டமான, எந்தப் பக்கத்திலிருந்து வீசினாலும் மாறாத ஒலி.

ஆனால் நடுவே இருக்கும் எண்கள் மனிதரின் பொறுமையைச் சோதிப்பவை. ஐந்து சென்ட் காசான நிக்கல், பெரிய அளவு இல்லாத தங்க மோதிரம், பழைய பான டின்களிலிருந்து பிய்த்தெறிந்த அலுமினிய வளையம் ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே எண்ணில் வருகின்றன. அந்த வளையத்தை ஒஹாயோ மாநிலத்து எர்மல் பிரேஸ் என்பவர் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கினார். டின்னிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் இப்போதைய தாழ்ப்பு 1975இல் வந்தது. இடைப்பட்ட காலத்தில் குடித்தவர்கள் எல்லோரும் வளையத்தைப் பிய்த்துப் புல்லில் போட்டுவிட்டுப் போனார்கள். அமெரிக்கப் பூங்காக்களின் மண்ணில் அந்த ஆண்டுகள் ஓர் அலுமினியப் படலமாகவே படிந்திருக்கின்றன. சிலர் அந்த எண்ணையே ஒதுக்கிவிடுவார்கள். தபால்காரர் ஒதுக்குவதில்லை. வளையங்களை எடுத்து இடுப்பில் கட்டிய பையில் போட்டுக்கொண்டே போனார். அவற்றை அகற்றிய பிறகுதான் அடியில் மறைந்திருக்கும் நிக்கல் கேட்கும் என்பது அவர் வாதம். அதோடு, பூங்காவும் சுத்தமாகிறது. அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

அஞ்சலட்டையில் பார்த்த சரிவில், பத்து மணி அளவில், அண்ணனின் கருவி அந்த உயர்ந்த ஒலியைத் தந்தது. அவர் காயிலை நாலா பக்கமும் மெல்ல வீசிப் பார்த்து, ஒலி மாறவில்லை என்று உறுதி செய்த பிறகே மண்டியிட்டார். நீண்ட கத்தி போன்ற கைக்கருவியால் மூன்று பக்கம் வெட்டி, நாலாவது பக்கத்தை வெட்டாமல் விட்டு, புல்லை வேரோடும் மண்ணோடும் பெட்டியின் மூடியைத் திறப்பதுபோல் மடித்துத் திறந்தார். உதிர்ந்த மண் ஒரு பருக்கைகூடப் புல்லில் சிதறாதபடி பக்கத்தில் ஒரு துணியை விரித்திருந்தார். பேனா அளவிலிருந்து சற்றுப் பெரிதான, ‘பின்பாயின்ட்டர்’ என்னும் சிறு கை டிடெக்டரைக் குழிக்குள் விட்டபோது, ஒரு பக்கச் சுவரில் அது அதிர்ந்தது. விரலால் மண்ணைத் தள்ளியதும் கறுத்த மண்ணின் நடுவே மெல்லிய வெள்ளை விளிம்பு தெரிந்தது. செம்பு களிம்பேறிப் பச்சையாக வரும். வெள்ளியோ நேற்றுத் தொலைத்ததுபோல் வரும் என்று அதுவரை கேட்டிருந்தேன், இப்போது பார்த்துவிட்டேன்.

அது 1918ஆம் ஆண்டு டைம். சிறகு வைத்த தொப்பி அணிந்த சுதந்திர தேவியின் முகத்தை ரோமானியக் கடவுள் மெர்க்குரி என்று மக்கள் எண்ணிக்கொண்டதால் ‘மெர்க்குரி டைம்’ என்றே பெயர் பெற்றுவிட்ட வகை. 1916 முதல் 1945 வரை அச்சானது. பின்புறத்தில் நாணயச்சாலையைக் குறிக்கும் எழுத்து எதுவும் இல்லை. எழுத்து இல்லை என்றால் அந்தக் காலத்தில் பிலடெல்பியா என்று பொருள். வியாழக்கிழமை மாலை நாங்கள் நின்று பார்த்த கட்டடத்தில் அச்சாகி, யாரோ ஒருவர் பையில் ஏறி, இசை கேட்கப் புல்லில் சாய்ந்த பொழுது நழுவியிருக்கிறது. இரண்டரை கிராம் எடையுள்ள வெள்ளிக் காசு. சந்தையில் பெரிய விலை இல்லை. எனக்கு அதைக் கையில் வாங்கத் தயக்கமாக இருந்தது. அண்ணன் அதைத் துடைக்க விடவில்லை. மண் துகள்கள் வெள்ளியைக் கீறிவிடும் என்பதால், அப்படியே பஞ்சு வைத்த சிறு டப்பாவில் இட்டார். அதற்கு முன்பே இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், மண்ணின் நிறம், பக்கத்தில் கிடந்தவை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டார். ஆழம் ஆறு அங்குலம். காசு தானாக அவ்வளவு கீழே இறங்குவதில்லை. மண்புழுக்கள் அடியிலிருந்து நுண்மண்ணை மேலே கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருப்பதால் மேற்பரப்புப் பொருள்கள் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகப் புதைகின்றன என்பதை டார்வின் 1881இலேயே அளந்து எழுதியிருக்கிறார்.

குழியை மூடி, மடித்த புல்லை இருந்தபடியே வைத்து, காலால் அழுத்தி, போத்தலிலிருந்து நீர் ஊற்றினார். நான் இரண்டு அடி தள்ளி நின்று திரும்பிப் பார்த்தேன். வெட்டிய இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

பிற்பகலில் 1909க்குப் பிந்தைய கோதுமைக் கதிர் சென்ட்டுகளும், ஆண்டு தேய்ந்துபோன காட்டெருமை நிக்கல் ஒன்றும், தபால்காரருக்குக் களிம்பேறிய இந்தியத் தலை சென்ட் ஒன்றும் கிடைத்தன. அந்த வகை 1859 முதல் 1909 வரை அச்சானது. பச்சைப் படலத்தின் அடியில் இறகுத் தலைப்பாகையின் கோடுகள் அப்படியே இருந்தன. அந்தப் படலத்தைத் தேய்த்தால் கோடுகளும் சேர்ந்து போய்விடும்.

ஞாயிறு, அதே பூங்கா

மழை வரும்போல் இருந்ததால் காலையில் சில மணி நேரம் மட்டும். டிராம் நின்ற மூலையில் தபால்காரருக்கு நடுவில் துளையிட்ட பித்தளை வில்லை ஒன்று கிடைத்தது. டிராம் கட்டணத்துக்கான டோக்கனாக இருக்கலாம். எழுத்துகள் மண்ணோடு இறுகியிருக்கின்றன. கடிதத்தின்படி அது வரலாற்றுச் சங்கத்துக்கு உரியது. சங்கத்தின் தன்னார்வலரான பெண்மணி மழைக்கோட்டுடன் வந்து, பொருளைவிட முன்னதாக அண்ணனின் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். டிராம் நிறுத்தம் வரைபடத்தில் உள்ள இடத்திலேயே இருந்தது என்பதற்கு இது துணைநிற்கும் என்று மகிழ்ந்தார். போகும்போது அவர் இன்னொன்றும் சொன்னார்: சரிவின் கீழ்ப்பகுதியை இலையுதிர் காலத்தில் சமப்படுத்திக் குழந்தைகளுக்கான விளையாட்டுத் திடல் அமைக்கப் போகிறார்கள்.

திங்கள், கெட்டிஸ்பர்க்

டிடெக்டர்களை அண்ணன் வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டுத்தான் வந்தோம். கெட்டிஸ்பர்க் தேசியப் போர்க்களப் பூங்கா. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863 ஜூலை மாதத்தின் முதல் மூன்று நாள்கள் இங்கே நடந்த சண்டையில் இரு தரப்பிலும் சேர்த்து ஐம்பதாயிரம் பேர் அளவில் மாண்டும் காயமுற்றும் காணாமலும் போனார்கள். இந்த மண்ணிலிருந்து ஒரு குண்டையோ பொத்தானையோ எடுப்பது குற்றம். நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளைக் கூட்டரசு நிலத்திலிருந்து எடுத்தால் 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறையும் உண்டு.

தடை மிகக் கடுமையானது என்று குறைப்படுகிறவர்களுக்கு அண்ணன் சொல்லும் விடை மொன்டானா மாநிலத்து லிட்டில் பிக்ஹார்ன். 1876 ஜூனில் அமெரிக்கப் படை அதிகாரி கஸ்டரின் படைப்பிரிவு லக்கோட்டா, செயன் பூர்வகுடி வீரர்களிடம் அழிந்த களம் அது. 1983இல் புல் தீப்பிடித்து நிலம் வெறுமையானதும், 1984, 1985 ஆண்டுகளில் தொல்லியலாளர்கள் தன்னார்வ டிடெக்டர்காரர்களை வரிசையாக நடக்கவிட்டு, ஒலித்த ஒவ்வொரு இடத்திலும் கொடி நட்டு, தோட்டாவின் வெற்றுறை எந்த இடத்தில் எப்படிக் கிடந்தது என்று பதிந்தார்கள். உறையில் பதிந்த துப்பாக்கி ஊசியின் தடத்தைக் கொண்டு, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்பதுவரை தெரிந்தது. நூறாண்டாகச் சொல்லப்பட்டுவந்த கதையின் பல பகுதிகள் மாறின. அந்த உறைகள் எல்லாவற்றையும் யாரோ முன்பே பொறுக்கி விற்றிருந்தால், கடைகளில் பித்தளை மட்டுமே மிஞ்சியிருக்கும்.

கெட்டிஸ்பர்க் கடைத்தெருவில் ஈயக் குண்டுகள் கண்ணாடிப் பெட்டியில் விற்பனைக்கு இருந்தன. சட்டப்படி தனியார் நிலத்திலிருந்து வந்தவையாகவே இருக்கும். அவற்றைப் பார்த்ததும் கரூர் அமராவதி ஆற்று மணல் நினைவுக்கு வந்தது. சேரர் காசுகளும் ரோமானியக் காசுகளும் அந்த மணலிலிருந்து எத்தனையோ வந்திருக்கின்றன; அவற்றில் பலவும் ஆற்றின் எந்த வளைவில், எதோடு சேர்ந்து கிடைத்தன என்ற செய்தி இல்லாமலேயே வியாபாரிகள் வழியாகச் சேகரிப்பாளர் கைக்கு வந்துவிட்டன. என் பெட்டியிலும் அப்படி வாங்கியவை உண்டு. நம் நாட்டில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எதுவும் மண்ணில் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஊர் திரும்பி டிடெக்டர் வாங்கலாமா என்று கேட்டுச் செய்தி அனுப்பியிருக்கும் நண்பர்கள் முதலில் அதைப் படிக்க வேண்டும்.

செவ்வாய், வாஷிங்டன்

தேசியக் கலைக்கூடத்தின் மேற்குக் கட்டடம் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் ரயில் நிலையம் இருந்தது. 1881 ஜூலை 2 அன்று அங்கே குடியரசுத் தலைவர் கார்பீல்டு சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிய குண்டு எங்கே என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல், உலோகத்தின் அருகே போனால் ஒலிக்கும் ஒரு கருவியை அவசரமாக உருவாக்கிக்கொண்டு வெள்ளை மாளிகைக்கு வந்தார். இன்றைய டிடெக்டர்களின் மூதாதை அது. தலைவர் படுத்திருந்த மெத்தையில் எஃகுச் சுருள்கள் இருந்ததால் ஒலி குழம்பியது, குண்டு அகப்படவில்லை, செப்டம்பர் 19 அன்று அவர் இறந்தார். பூங்கா மண்ணில் இரும்பு ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் டைமைக் கேட்க இன்றும் படும் பாடு, பெல் அந்த அறையில் பட்ட அதே பாடுதான்.

மாலையில் ஊர்ச் சபையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. விளையாட்டுத் திடலுக்காகச் சமப்படுத்தப் போகும் சரிவின் கீழ்ப்பகுதியை, வேலை தொடங்குமுன் முழுவதுமாகத் தேடிப் பதிவுசெய்ய அண்ணன் ஞாயிறு இரவே எழுதிக் கேட்டிருந்தார். வரலாற்றுச் சங்கத்தினர் உடனிருந்து கட்டம் கட்டமாகக் கயிறு கட்டித் தருவார்கள் என்ற நிபந்தனையோடு செப்டம்பர் மாதத்துக்கு அனுமதி தந்திருக்கிறார்கள். அண்ணனும் தபால்காரரும் தொலைபேசியில் தேதி குறித்துக்கொண்டிருக்கிறார்கள். கயிற்றுக்கும் குச்சிகளுக்குமான செலவில் என் பங்கை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன்.